பத்துப் பேருக்கு ஒரு பொது அலுமாரி: வன்னியில் சரிவருமா?

கேட்டவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு ஊரோடு இருக்கிறார். உடுப்பைப் புதிதாக வாங்கிக் குவிக்காமல் பகிர்ந்தும் வாடகைக்கு எடுத்தும் உடுத்தால் சூழலுக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறார். தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொது அலுமாரி வைக்கலாமா, வன்னியில் இது சரிவருமா, அல்லது இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுக் கதையா என்று கேட்கிறார். எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால் அதற்குள் மூன்று கேள்விகள் கிடக்கின்றன. சூழலுக்கு உண்மையில் பயன் உண்டா? எங்கள் சனம் இன்னொருத்தர் உடுத்ததை வாங்கி உடுக்குமா? அப்புறம், வாய்விட்டுக் கேட்காத மூன்றாவது: இதில் நாலு காசு வருமா?

நான் சூழலியல் படித்தவள் அல்ல. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் மெஷினில் இருந்தேன். பிறகு கிளிநொச்சியில் சொந்தமாகத் தையற்கடை போட்டேன். பதினொரு வருடமாகக் கடையின் ஒரு பக்கத்தில் சாறி, லெஹங்கா, பட்டு வேட்டி, தலைப்பாகை என்று வாடகைக்கும் கொடுத்து வருகிறேன். ஆகவே துணி, தையல், தோய்ப்புப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சனத்தின் மனதைப் பற்றிச் சொல்வதெல்லாம் என் கடை வாசலில் நின்று பார்த்தது மட்டுமே. மன்னாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

முதலில் சூழல். ஒரு உடுப்பினால் வரும் பாதிப்பில் பெரும்பகுதி அது கடை அலுமாரிக்கு வருமுன்னரே நடந்து முடிந்துவிடும். பருத்தி விளைவிக்க, நூல் நூற்க, நெய்ய, சாயம் போடத்தான் தண்ணீரும் எரிசக்தியும் போகின்றன. ஒரு பருத்தி ரீசேட்டுக்கு ஏறக்குறைய 2,700 லீற்றர் தண்ணீர் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. பொலியெஸ்டர் என்றால் அது பெற்றோலியத்தில் இருந்து வருவது. வாங்கியபின் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஏற்கெனவே நடந்துவிட்ட அந்தப் பாதிப்பை எத்தனை உடுப்புத் தடவைகளாகப் பிரிக்கிறோம் என்பது. எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஒரு உடுப்பை உடுக்கும் தடவைகள் 15 வருடத்துக்குள் 36 வீதம் குறைந்துவிட்டன என்று இருக்கிறது. பழைய துணி திரும்பப் புதுத் துணியாவது 1 வீதத்துக்கும் குறைவு. ஆக, மீள்சுழற்சியை நம்பி வாங்கிக் குவிப்பது வீண். ஒரே துணி நிறையத் தடவை உடலில் ஏறவேண்டும். பகிர்வும் வாடகையும் அதற்கான வழிகளில் இரண்டு. இதுவரைக்கும் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு ஜீன்ஸை வைத்து ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள். வழமைபோல உடுத்துவிட்டு எறிவது, கூடுதல் காலம் உடுப்பது, பழையதாக விற்பது, மீள்சுழற்சி செய்வது, வாடகைக்கு எடுப்பது. மிகக் குறைந்த கார்பன் வந்தது கூடுதல் காலம் உடுப்பதில். கூடுதலாக வந்தது எதில் தெரியுமா? வாடகையில். ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளர் காரில் போய் எடுத்து, காரில் போய்த் திருப்பிக் கொடுப்பார் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. போக்குவரத்தை மாற்றிப் போட்டால் வாடகை பழைய உடுப்பு விற்பதற்குக் கிட்ட வந்துவிடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் வாடகை நல்லதா கெட்டதா என்ற கேள்வியைத் துணியைப் பார்த்துக் கேட்பதைவிட வண்டியைப் பார்த்துக் கேட்கவேண்டும்.

இதை எங்கள் வீதிகளில் போட்டுப் பாருங்கள். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவில் இருந்து ஒரு குடும்பம் ஹயர் வானில் என்னிடம் வந்து சாறி தெரிந்துகொண்டு போய், கல்யாணம் முடிந்ததும் திருப்பித் தர இன்னொரு தடவை வந்தால் வான் ஓடுவது 200 கிலோமீற்றருக்கு மேல். அந்தச் சாறியைப் பகிர்ந்ததால் மிச்சப்பட்டதை வான் குடித்துவிடும். அதே குடும்பம், ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ வரும் நாளில் வந்து எடுத்துவிட்டு, திருப்பும்போது பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டால் கணக்கு முழுக்க மாறும். பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது. அதனால் நான் இப்போது தூரத்தவர்களுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பித் தெரியவைத்து, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். இதில் எனக்கும் லாபம்தான், பொய் சொல்லக்கூடாது. உங்கள் பொது அலுமாரிக்கு என் முதல் நிபந்தனை இதுதான்: பத்துப் பேரும் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கவேண்டும்.

அடுத்தது, எந்த உடுப்பு. நியூயோர்க்கில் ரென்ட் த ரன்வே என்ற நிறுவனம் 2009 நவம்பரில் விருந்து உடுப்புகளை இணையத்தில் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒருநாள் மட்டும் உடுக்கும் விலை கூடிய உடுப்புகள். பிறகு மாதச் சந்தா வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் உடுப்பையும் மாற்றி மாற்றி அனுப்பும் முறைக்குப் போனார்கள். என் பார்வையில் முதலாவது அர்த்தமுள்ளது, இரண்டாவது அர்த்தமில்லாதது. தினம் உடுக்கும் சட்டையை நீங்கள் எப்படியும் நூறு தடவை உடுப்பீர்கள். அதைப் பிறருடன் பகிர்வதால் ஒன்றும் மிச்சமில்லை, தோய்ப்பும் பார்சலும்தான் கூடும். ஒருதடவை உடுத்துவிட்டு அலுமாரியில் பத்து வருடம் தூங்கும் உடுப்பு எதுவோ அதுதான் பகிர்வதற்கு ஏற்றது. எங்கள் வீடுகளில் அது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் கல்யாணத்தில் பொம்பிளை மணவறைக்கு ஒரு சாறியில் வருவாள். தாலிக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் கூறையைக் கொடுக்க, போய் அதை மாற்றிக்கொண்டு வருவாள். பிறகு வரவேற்புக்கு இன்னொன்று. கூறைச்சாறியை யாரும் வாடகைக்கு எடுக்கமாட்டார்கள். எடுக்கவும் கூடாது, அது மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது, வாழ்நாள் முழுக்க வைத்திருப்பது. ஆனால் முதலில் உடுத்துவரும் சாறி அரைநாள்கூட உடலில் இருப்பதில்லை. வரவேற்பு லெஹங்கா என்றால் அதன் ஆயுள் மூன்று மணித்தியாலம். சாமத்தியவீட்டுக்குப் பிள்ளைக்கு நாலு தரம் உடுப்பு மாற்றுகிறார்கள், அடுத்த வருடம் அவள் வளர்ந்துவிடுவாள், ஒன்றும் அளவாக இராது. பரதநாட்டிய உடுப்பும் அப்படியே. என் கடையில் இருந்து கூடுதலாக வெளியே போவது இந்த நாலும்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். கல்யாண வீட்டில் மணவறை வாடகை, கதிரை வாடகை, குத்துவிளக்கு வாடகை, மாப்பிள்ளையின் தலைப்பாகை வாடகை. அந்தத் தலைப்பாகை எத்தனை தலை கண்டது என்று யாரும் கேட்பதில்லை. சாறி என்றதும் குரல் இறங்கிவிடும். "அக்கா, உது வாடகைச் சாறி எண்டு ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்பார்கள். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று பழமொழி வைத்திருக்கும் சனம் நாங்கள். இரவல் என்றால் இல்லாமை என்று காதில் விழுகிறது. முகநூல் வந்தபின் இன்னொரு பயமும் சேர்ந்துவிட்டது, அதே சாறியில் வேறொருத்தியின் படம் வந்துவிடுமோ என்று. அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். தருமபுரத்தில் உடுத்த சாறியை ஆறு மாதத்துக்குத் தருமபுரத்துக்குத் திரும்பக் கொடுப்பதில்லை. அக்கராயனுக்கோ முழங்காவிலுக்கோ போகும். கொப்பியில் ஊர் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இனி யாரும் சொல்லாத ஒரு சிக்கல். பகிர்வு என்பதே ஒருவருக்குத் தேவைப்படும் நாளில் மற்றவருக்குத் தேவைப்படாமல் இருந்தால்தான் நடக்கும். வெள்ளைக்காரர்கள் எந்தச் சனிக்கிழமையும் கல்யாணம் வைப்பார்கள். எங்களுக்கு ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாதியில் பெரும்பாலும் இல்லை. தை, வைகாசி, ஆனி, ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்தம் விழுந்தால் வன்னி முழுக்க அன்றைக்கே கல்யாணம். அந்த ஒருநாள் என் அலுமாரி காலியாக இருக்கும், நாலைந்து பேரை இல்லையென்று அனுப்புவேன். அடுத்த மூன்று கிழமை ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். வாணி விழா எல்லாப் பாடசாலைக்கும் ஒரே நாட்களில். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊரே ஒன்றாக உடுக்கும், அதுவும் கோடியுடுப்பாக. ஆகவே பத்துப் பேர் சேர்ந்தால் பத்தில் ஒரு பங்கு உடுப்புப் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். உங்கள் பத்துப் பேருக்கும் ஒரே கல்யாண வீட்டுக்கு அழைப்பு வரும் நாளையும் நினைத்துப் பாருங்கள்.

சாறி என்ற உடுப்பு பகிர்வதற்கென்றே பிறந்ததுபோல. தைப்பில்லை, அளவில்லை. ஐந்தரை மீற்றர் துணி, மெலிந்தவளுக்கும் போகும், பருத்தவளுக்கும் போகும், தாய்க்கும் போகும், மகளுக்கும் போகும். கிழிந்தால் பாவாடை தாவணி, அதுவும் போனால் பிள்ளைக்குச் சட்டை, பிறகு ஏணை, கடைசியில் வயலில் பன்றிக்குக் கட்டும் வேலி. இப்படியொரு ஆயுள் எந்த ஜீன்ஸுக்கும் இல்லை. வில்லங்கம் முழுக்க பிளவுஸில்தான். வாடகைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போவது சாறி பிடிக்காமல் அல்ல, பிளவுஸ் அளவில்லாமல்.

இதற்கு நான் கண்ட வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு இதுதான் உண்மையில் உதவும். ஒவ்வொரு சாறிக்கும் ஒரு பிளவுஸ் தைக்காதீர்கள். தங்க நிறம், மெரூன், கறுப்பு, பச்சை, வெள்ளி நிறம் என்று ஐந்து நிறத்தில் கரையில்லாத வெறும் பிளவுஸ் வைத்திருந்தால் பெரும்பாலான சாறிக்குப் பொருந்தும். தைக்கும்போது இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடுங்கள். கைக்குக் கீழும் விடவேண்டும், அதை மறந்துவிட்டு இடுப்பை மட்டும் அகட்டினால் கைக்குழி இறுக்கும். பிடித்துத் தைக்கும் தையலைப் பெரிய தையலாகப் போடுங்கள், பிரிக்கும்போது துணியில் துளை விழாது. பின்பக்கம் திறப்பாக வைத்து, கொழுக்கியை ஒரு வரிசையும் கண்ணை இரண்டு வரிசையும் வைத்தால் ஒரு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம். அதற்குமேல் நாடா. இப்படித் தைத்த ஒரு பிளவுஸ் 34இல் இருந்து 38 வரைக்கும் போகும். தோள் அளவைமட்டும் மாற்றமுடியாது, அதனால் தோளில் இரண்டு அளவு தேவை. கடையில் வாங்கும் பிளவுஸில் இதெல்லாம் செய்யமுடியாது. உள்ளே கால் அங்குலம்கூடத் துணி விட்டிருக்கமாட்டார்கள். தொழிற்சாலையில் இருந்தபோது எனக்கே அது பாடம்: ஒரு உடுப்பில் கால் அங்குலம் மிச்சம் பிடித்தால் ஆயிரக்கணக்கான உடுப்பில் எத்தனை மீற்றர் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கால் அங்குலம் இல்லாததால்தான் அந்த உடுப்பு இரண்டாவது ஆளுக்குப் போகமுடியாமல் நிற்கிறது.

சாறியைக் கெடுப்பது வியர்வையைவிட ஊசி. தோளில் மடிப்பைப் பிடிக்கக் குத்தும் ஊசி பட்டில் இழையை அறுக்கும், பத்துத் தடவையில் அந்த இடம் சல்லடை. நான் சாறியின் தோள்மடிப்பு வரும் இடத்தில் உட்பக்கமாக அதே நிறத்தில் சின்னத் துண்டுத் துணி வைத்துத் தைத்துவிடுவேன், ஊசி அதிலேதான் குத்தவேண்டும். சென்ட் அடிப்பதானால் உடம்பில் அடித்துக் காய்ந்தபின் உடுக்கவேண்டும், சரிகையில் பட்டால் கறுத்துவிடும். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டில் சரிகை முறியும். மூன்று மாதத்துக்கு ஒருதடவை பிரித்து வேறு மடிப்பில் மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் வைக்கவேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

தோய்ப்பு. இங்கேதான் சூழல் கணக்கு திரும்ப வரும். பட்டுச் சாறியை ஒவ்வொரு தடவையும் தோய்க்கத் தேவையில்லை. வந்த அன்றே நிழலில் கொடியில் போட்டு ஒருநாள் காற்றாட விட்டு, கறை இருந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, மெல்லிய சூட்டில் மினுக்கி வைத்தால் போதும். எங்கள் வெயிலில் நேராகப் போட்டால் ஒரே பின்னேரத்தில் நிறம் போய்விடும். பிளவுஸை மட்டும் கட்டாயம் ஒவ்வொரு தடவையும் தோய்க்கவேண்டும். படர்தாமரையும் சொறியும் உடுப்பால் பரவக்கூடியவை, அதில் முகத்தாட்சணியம் பார்க்கக்கூடாது. உள்பாவாடை பகிர்வில் கிடையவே கிடையாது. உலர் சலவையை முடிந்தவரை தவிர்க்கிறேன். அதற்குப் பல இடங்களில் பாவிக்கும் பெர்க் என்ற கரைப்பான் உடம்புக்கு நல்லதல்ல. புற்றுநோய் ஆபத்து என்று அமெரிக்கா 2024 டிசம்பரில் அதைப் பத்து வருடத்துக்குள் உலர் சலவையில் இருந்து படிப்படியாக நிறுத்த விதி போட்டது. கல் ஒட்டிய லெஹங்காவைத்தான் என்ன செய்வதென்று தெரிவதில்லை. தோய்த்தால் பசை விட்டுக் கல் கொட்டும். துணியும் பிளாஸ்டிக்கும் பசையும் கலந்தது, மீள்சுழற்சிக்கும் போகாது. அப்படியானதை வாங்கிச் சேர்க்காதீர்கள். பொலியெஸ்டர் துணி ஒவ்வொரு தோய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை விடும். கடலில் சேரும் நுண்பிளாஸ்டிக்கில், துகளாகவே போய்ச் சேரும் வகையில், 35 வீதம் செயற்கைத் துணி தோய்ப்பதால் வருகிறது என்று ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2017இல் மதிப்பிட்டது. எங்கள் கிணற்றடித் தண்ணீர் கடலுக்குப் போகாமல் வாழைக்குப் போகிறது என்பதால் தப்பித்தோம் என்று இல்லை, அது வாழையடி மண்ணில் கிடக்கும்.

தோய்ப்பது யார் என்பதையும் முதலே பேசி வையுங்கள். உடுப்பைச் சுற்றுக்கு விடுவது எங்களுக்குப் புதிய விசயம் அல்ல. அம்மம்மா காலத்தில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால், பிள்ளைப்பேறு நடந்தால், துடக்கு நாட்களில் உடுக்கச் சலவைத் தொழிலாளி வீட்டில் இருந்து 'மாற்று' வரும். தோய்த்து மடித்த துணி. முடிந்ததும் அவர்களே திரும்ப எடுத்துப் போவார்கள். கல்யாணப் பந்தலுக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ளை கட்டுவதும் அவர்களே. ஒரே துணி ஊர் முழுக்கச் சுற்றியது. துணிச் சிக்கனம் என்று பார்த்தால் அதை மிஞ்ச முடியாது. ஆனால் அந்தப் பாரம் முழுக்க ஒரு சாதியின் தலையில் கிடந்தது, கூலி நெல்லாக வந்தது, மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அது போனது நல்லது. இன்றைக்குப் பகிர்வைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் தோய்ப்பை ஒரு வரியில் கடந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாற்றுத்தான் நினைவுக்கு வரும். பத்துப் பேர் அலுமாரியில் கடைசியில் ஒருத்திதான் எல்லாவற்றையும் தோய்த்துக்கொண்டு நிற்பாள், பெரும்பாலும் அலுமாரி யார் வீட்டில் இருக்கிறதோ அவளின் அம்மா. உடுத்தவரே தோய்த்து மினுக்கித் தரவேண்டும், பட்டு மட்டும் விதிவிலக்கு என்று முதல்நாளே எழுதுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, சனம் உடுக்குமா என்பதற்கு, இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009 தொடக்கத்தில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்தவர்களுக்குத் தெரியும், பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லாமல் சாறிகளைத்தான் வெட்டித் தைத்தோம். முதலில் பழையது, பிறகு நூல்சாறி, கடைசியில் பட்டு. அம்மாவின் கூறையை நான்தான் வெட்டினேன். பிறகு செட்டிகுளம் முகாமில் எங்கள் வரிசைக் கூடாரங்களுக்கு இடையில் ஒரேயொரு நல்ல சாறி இருந்தது. கோயிலுக்கு, விசாரணைக்கு, காணாமற்போனவரைத் தேடிப் பதிவதற்கு என்று அதைத்தான் மாறி மாறி உடுத்தோம். அதற்கும் பெயர் பகிர்வுதான். அப்படி இருந்தவர்களிடம் போய், பகிர்ந்து உடுங்கள் பூமிக்கு நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மீளக்குடியேறி, முதல் கூலிக்காசில் புதுச்சாறி வாங்கிய பெண்ணின் அலுமாரியில் இன்றைக்கும் நாலு நல்ல சாறிக்குமேல் இராது. உலகத்துத் துணிக்குப்பையில் அவளுக்கு என்ன பங்கு? அவளின் மகளுக்குச் சாமத்தியவீட்டுக்குக் கடன்படாமல் நல்ல உடுப்பு ஒன்று கிடைத்தால் அது பெரிய உதவி. அப்படிச் சொல்லிப் போனால் வருவார்கள். சூழல் என்று தொடங்கினால், இவர்களுக்கு வேறு வேலையில்லை என்று நினைப்பார்கள். நினைப்பதில் பிழையும் இல்லை.

மறுபக்கத்தில், வாடகை இருப்பதாலேயே புதிதாக முளைக்கும் தேவையும் உண்டு. இப்போது கல்யாணத்துக்கு முன் படம்பிடிக்க இரணைமடுக் குளக்கட்டுக்கும் கடற்கரைக்கும் போகிறார்கள், ஒரே நாளில் நாலு உடுப்பு. வாடகைக்குக் கிடைக்காவிட்டால் அந்த நாலும் வாங்கியிருக்கமாட்டார்கள், இருப்பதையே உடுத்திருப்பார்கள். அந்த வாடகை எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, எனக்குக் காசு தந்தது, அவ்வளவுதான். என் வாடகையில் எவ்வளவு உண்மையில் ஒரு புது உடுப்பை வாங்காமல் தடுத்தது என்று கேட்டால், கல்யாணச் சாறியிலும் சாமத்தியவீட்டு உடுப்பிலும் பெரும்பாலும் தடுத்தது, படப்பிடிப்பு உடுப்பில் பெரும்பாலும் இல்லை என்பது என் ஊகம். எண்ணிப் பார்த்ததில்லை.

காசு விசயம். 30,000 ரூபாய்ச் சாறியை 3,000க்குக் கொடுத்தால் பத்துத் தடவையில் முதல் வந்துவிடும் என்று தாளில் போட்டுக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் நன்றாக ஓடும் சாறியே வருடத்துக்கு ஐந்தாறு தடவைதான் போகும், முகூர்த்த நாட்கள் அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் முதல் வரும்போது அந்த நிறத்தை யாரும் கேட்கமாட்டார்கள். இடையில் ஒன்றில் குங்குமம் ஊறி வரும், ஒன்றில் விளக்குச் சுடர் பட்டு ஓட்டை விழும். என் கடையை இன்றைக்கும் நிறுத்திப் பிடிப்பது தையல், வாடகை அதற்குத் துணை. நுண்கடன் எடுத்து இதைத் தொடங்கவே வேண்டாம். கிழமைக்குக் கிழமை தவணை கேட்பார்கள், வாடகை மாதக்கணக்கில் வராமல் இருக்கும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு லட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்யவேண்டிய நிலை அரசுக்கு வந்ததை மறந்துவிடாதீர்கள். உங்கள் பொது அலுமாரியில் காசே வேண்டாம் என்பது என் எண்ணம். காசு வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் தோழிகள் போவார்கள்.

சாறிக்கு முன் வேறொன்றில் தொடங்கலாம் என்றும் சொல்வேன்: பிள்ளைப்பேற்று உடுப்பும் கைக்குழந்தை உடுப்பும். கர்ப்பிணிச் சட்டை நாலைந்து மாதம்தான், குழந்தையின் சட்டை மூன்று மாதத்தில் சிறுக்கும், நூல் நைவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். பிறந்த பிள்ளைக்குக் கோடித்துணி போடாமல் தோய்த்து மெதுவான பழைய வேட்டித் துணியில் சுற்றுவதுதான் எங்கள் வழக்கம், அதனால் அங்கே வெட்கமும் இல்லை. முகூர்த்தச் சிக்கலும் இல்லை, பிள்ளைகள் நாள் பார்த்துப் பிறப்பதில்லை. பாடசாலைச் சீருடையும் அப்படியே. 1993இல் இருந்து அரசு இலவசமாகச் சீருடைத் துணி கொடுக்கிறது என்றாலும், அண்ணனின் கழுசான் தம்பிக்கு இறங்குவது நிற்கவில்லை. கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் விட்டுத் தைத்திருந்தால் இரண்டு வருடம் பிரித்துப் பிரித்து நீட்டலாம். என்னிடம் தைக்க வரும் தாய்மார் இதைச் சொல்லாமலே கேட்பார்கள்.

தொடங்குவதானால் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு பக்கம். எந்தத் திகதி, யார், எந்த ஊர் நிகழ்வு, எதில் போய் வந்தது, கறை ஏதும் உண்டா, தோய்த்தது யார், இந்த உடுப்பு இல்லாவிட்டால் வாங்கியிருப்பாரா. கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள், நான் பதினொரு வருடம் எழுதாமல் விட்டது அதைத்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்த வெள்ளைச் சாறிகளை வேறு தட்டில் வையுங்கள், நீங்கள் நம்பாவிட்டாலும் எடுத்துப் போகிறவரின் வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆவணி முகூர்த்தம் முடிந்ததும் கொப்பியைக் கொண்டுவந்தால் இருவருமாக இருந்து பார்க்கலாம். பிளவுஸுக்குப் பிடித்துத் தைப்பதற்கு மட்டும் முதலே வாருங்கள், ஆவணியில் எனக்கு நேரமிருக்காது.